பாம்பு ஆட்டமும் வாளையார் லாரி வரிசையும்

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "புராஜெக்டுக்கு எல்லோரும் லைப்ரரி மேனேஜ்மென்ட், அட்டெண்டன்ஸ் என்றே செய்கிறார்கள். எனக்கும் என் கூட்டாளிக்கும் கேம் செய்ய ஆசை. இரண்டே பேர், நான்கு மாதம், பழைய லேப்டாப். பாம்பு, டெட்ரிஸ் மாதிரி சின்ன ஆட்டங்களைப் பார்த்து ஏதாவது யோசனை பிடிக்க முடியுமா? எங்கள் மாஷ் 'இது குட்டிகளோட களி' என்கிறார்."

முதலில் மாஷ் சொன்னதற்கு. மாஷ் என்றால் மலையாளத்தில் ஆசிரியர், குட்டிகள் என்றால் பிள்ளைகள். நமக்குக் களி என்றால் ராகிக் களி, அவருக்கு விளையாட்டு. அவர் சொல்வது பாதி சரி. நெட்டில் கிடக்கும் பாம்பு ஆட்டத்தை இறக்கி, பாம்புக்குப் பச்சைக்குப் பதிலாக நீல வண்ணம் அடித்துக் கொண்டுபோய் வைத்தால் அது களிதான். நான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் 17 வருடமாக இருக்கிறேன், அப்படி வந்தவை எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆனால் சின்ன ஆட்டத்திலிருந்து நல்ல புராஜெக்ட் வராது என்று அவர் நினைத்தால் அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதே குழியில் விழ வேண்டாம். நான் படித்தபோது டர்போ சி, அதாவது சி மொழியில் புரோகிராம் எழுதும் பழைய மென்பொருள். நானும் பாம்பு ஆட்டம்தான் செய்தேன். மூன்று மாதத்தில் இரண்டரை மாதம் பாம்புக்குக் கண் வரைவதிலும், தொடக்கத்தில் என் பெயர் பளபளவென்று ஓடுவதிலும் போயிற்று. வேகத்தைக் கட்டுப்படுத்தக் காலியாக ஒரு ஃபார் லூப்பைச் சுற்ற விட்டிருந்தேன். வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று லேபில் புது மெஷின் போட்டிருந்தார்கள். முதலில் படம் வரையத் தேவையான பி.ஜி.ஐ. ஃபைலைக் காணோம் என்று அடம் பிடித்தது. அதைத் தேடி எடுத்துப் போட்ட பிறகு, பாம்பு திரையில் தோன்றியதும் செத்தது. புது மெஷின் அந்தக் காலி லூப்பைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சிரிக்கவில்லை. "இதில் நீ யோசித்தது எது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். கண் என்று சொல்லவா முடியும்?

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எளிய ஆட்டத்தைப் பார்க்கும்போது அது நம்மை என்ன செய்யவிடுகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். அதைத் திருப்பி, என்ன செய்யவிடாமல் தடுக்கிறது என்று பாருங்கள். பாம்பு நிற்க முடியாது, பின்னால் போகவும் முடியாது. டெட்ரிஸில் விழுந்த துண்டை மறுபடி எடுக்க முடியாது. நம் ஆடுபுலி ஆட்டத்தில் ஆடு வெட்ட முடியாது, வழியை மட்டும்தான் அடைக்க முடியும். அந்தத் தடையை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. நின்று நிதானமாக யோசித்து நகரும் பாம்பை யார் ஆடுவார்கள்? படம், இசை, பெயர் எல்லாம் சட்டை மாதிரி. ஆள் அந்தத் தடைதான். இரவல் வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். பிறகு அதே தடை உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

எல்லையோரத்தில் பிறந்தவருக்கு இந்தத் தேடல் கஷ்டமே இல்லை. நம் பக்கத்தில் செக்போஸ்ட், மதகு, ரயில் கேட், கடைசி பஸ் என்று எதை எடுத்தாலும் ஒரு 'கூடாது' நின்றுகொண்டிருக்கிறது.

பாம்பையே எடுத்துக்கொள்வோம். 1976இல் கிரெம்லின் என்ற அமெரிக்க நிறுவனம் கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக 'பிளாக்கேட்' என்று ஒன்று விட்டது. இரண்டு பேர் ஆளுக்கொரு சுவரை நீட்டிக்கொண்டே போவார்கள், முட்டியவர் தோற்றார். பாம்பு வம்சத்துக்கு அதுதான் பாட்டன். 1997இல் நோக்கியா 6110 போனுக்காக டனேலி அர்மான்டோ என்ற பொறியாளர் பாம்பை எழுதினார். அந்தத் திரை 84க்கு 48 புள்ளி. இன்று உங்கள் போனில் ஒரு ஐகானே அதைவிடப் பெரிது.

சரி, அந்தப் பாம்பு எப்படி ஊர்கிறது? உடம்பு முழுவதையும் ஒவ்வொரு கட்டமாக நகர்த்த வேண்டும் என்று நினைத்துத்தான் பலரும் நூறு வரி எழுதுகிறார்கள். தேவையில்லை. தலைக்கு முன்னால் ஒரு கட்டம் சேர். வால் முனையில் ஒரு கட்டம் எடு. அவ்வளவுதான். இரை தின்றால் வாலை எடுக்காதே, ஒரு கட்டம் நீளும். ஒரு முனையில் சேர்ந்து மறு முனையில் கழிவது எது? இரண்டாம் ஆண்டில் டேட்டா ஸ்ட்ரக்சரில் படித்த க்யூ. படிக்கும்போது சினிமா தியேட்டர் டிக்கெட் வரிசை என்று உதாரணம் சொல்லியிருப்பார்கள்.

உங்களுக்கு அதைவிட நல்ல வரிசை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாளையார் செக்போஸ்ட். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் கேரளாவுக்குள் போகும் சரக்கு லாரிகள் வணிகவரிக் கவுண்டரில் பேப்பர் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் ரோட்டோரத்தில் அடுப்பு மூட்டிச் சோறாக்கிக்கொண்டிருப்பதைச் சின்ன வயதில் பஸ் ஜன்னல் வழியாக நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கவுண்டருக்கு வேலை இல்லாமல் போயிற்று. உங்கள் தெருவில் லாரி ஓட்டிய மாமா ஒருவராவது இருப்பார். அவரிடம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான், லேப்டாப்பைத் திறப்பது அப்புறம்.

அவர் சொல்வதிலிருந்து ஆட்டம் தானாக வரும். ஒரே பாதை, லாரி பின்னால் போக முடியாது: பாம்பின் தடை அப்படியே இருக்கிறது. ஆடுபவர் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு லாரியில் சிமென்ட், அது ஒரு நாள் நின்றாலும் ஒன்றும் ஆகாது. பின்னால் தக்காளி லாரி, ஒவ்வொரு மணி நேரமும் சரக்கின் விலை குறைந்துகொண்டே வருகிறது. இன்னொன்றில் பேப்பர் ஒன்று குறைகிறது. ஓரமாக நிறுத்தச் சொன்னால் இடம் போய்விடும், நிறுத்தாவிட்டால் பின்னால் உள்ளவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். தக்காளியை முன்னால் விட்டால் சிமென்ட்காரர் ஹாரன் அடிக்கிறார். அவருடைய பொறுமைக்கு ஓர் எண் வையுங்கள். வெறும் க்யூ இப்போது பிரயாரிட்டி க்யூவாக (அவசரமானதை முதலில் விடும் வரிசையாக) மாறிவிட்டது, நீங்கள் பாடப்புத்தகத்தைத் திறக்காமலே.

இதுவரைக்கும் இது ஆட்டம். புராஜெக்ட் ஆவது அடுத்த படியில். மனிதன் ஆடுவதற்குப் பதிலாக கம்ப்யூட்டரே ஆயிரம் தடவை ஆடட்டும். ஒரு தடவை வந்த வரிசைப்படி விடட்டும். இன்னொரு தடவை அழுகும் சரக்கை முதலில் விடட்டும். மூன்றாவதாக, அழுகும் சரக்குக்குத் தனிக் கவுண்டர் திறக்கட்டும். சராசரியாக எத்தனை நேரம் காத்திருந்தார்கள், அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை ரூபாய்ச் சரக்கு வீணானது என்று வரைபடம் போடுங்கள். சராசரி குறையும்போது ஏதோ ஒரு பாவப்பட்ட சிமென்ட் லாரி மட்டும் விடிய விடிய நிற்பது அந்தப் படத்தில் தெரியவரலாம். அது தெரிந்தால் விடாதீர்கள், அறிக்கையில் ஒரு முழுப் பக்கம் அதற்கே கொடுங்கள். "நீ யோசித்தது எது?" என்று கேட்பவரிடம் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. கவுண்டரில் கைமாறிய காசைப் பற்றி மாமா கதை கதையாகச் சொல்வார். ஆட்டத்தில் அதற்கு ஒரு பட்டன் வைக்க ஆசை வரும். வேண்டாம். வைவா வேறு பக்கம் போய்விடும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை, என் செத்த பாம்பின் நினைவாக. 1978இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். எதிரிகளைச் சுடச்சுட மிச்சம் இருப்பவர்கள் வேகமாக வருவார்கள். அதை அவர் திட்டமிட்டு எழுதவில்லை. திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததும் பிராசசர் அடுத்த சுற்றைச் சீக்கிரம் முடித்தது, எதிரிகள் ஓடினார்கள். அதனால் ஆட்டம் சூடு பிடிக்கிறது என்று கண்டு அப்படியே விட்டுவிட்டார். அவருக்கு மெஷினின் குறை வரமாக வந்தது, எனக்கு அதே குறை மானத்தை வாங்கியது. வித்தியாசம், அவருக்கு ஒரே வகை மெஷின். உங்கள் ஆட்டம் உங்கள் லேப்டாப்பிலும் லேபிலும் ஓட வேண்டும். அதனால் நகர்வை எப்போதும் கடிகாரத்தோடு கட்டுங்கள்: போன சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் நடுவே எத்தனை மில்லி செகண்ட் போனது என்று பார்த்து அதற்கு ஏற்ற தூரம் நகர்த்துங்கள். பைத்தான் மொழியில் ஆட்டம் எழுத உதவும் பைகேமில் இதற்கென்றே கிளாக் இருக்கிறது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த யோசனைக்கு வருகிறேன். இதற்குப் படமே வேண்டாம்.

1964இல் நியூயார்க் மாநிலத்தில் மேபல் ஆடிஸ் என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 'சுமேரியன் கேம்' என்று ஓர் ஆட்டம் எழுதினார். பிள்ளைகள் பழைய சுமேரியாவின் அரசராக இருந்து, விளைந்த தானியத்தில் எவ்வளவு விதைக்கு, எவ்வளவு சாப்பாட்டுக்கு, எவ்வளவு சேமிப்புக்கு என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் விளைவைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும். அதைக் கேள்விப்பட்டு 1968இல் டக் டைமென்ட் சுருக்கமாக எழுதியதுதான் பின்னால் 'ஹமுராபி' என்று பரவியது. பத்து ஆண்டு ஆள வேண்டும். நடுவே எலி தின்னும், கொள்ளைநோய் வரும். மூன்று நான்கு எண்கள், சில வரி எழுத்து, வேறு ஒன்றும் கிடையாது. உங்கள் மாஷிடம் இதைச் சொல்லுங்கள்: ஒரு டீச்சர் வகுப்பறைக்காக எழுதிய களி இது.

அந்த ஆட்டத்தின் தடை என்ன? இருப்பது ஒரே குதிர். ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்கு இல்லை. மழை எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது.

உங்கள் வீட்டு வரப்பில் நின்று யோசித்துப் பாருங்கள். சித்தூர்ப் புழைத் தண்ணீர்! (ஆந்திரத்துச் சித்தூர் என்று நினைத்துக்கொள்பவர்களுக்கு: இது பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர். புழை என்றால் ஆறு.) தமிழ்நாடும் கேரளாவும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு தடுப்பணையில் கேரளாவுக்கு வந்து சேர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. கணக்கு ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஆழியாறு அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 3.864 டி.எம்.சி. 7.25, 3.864 என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அணை தளும்பத் தளும்ப நிறைந்திருந்தாலும் ஓர் ஆண்டுக் கணக்கில் பாதிக்குச் சற்று மேலேதான் தேறும். ஆக, சேர்த்து வைத்துக் கடைசியில் ஒரேயடியாகக் கொடுத்துவிட முடியாது. வருகிற மழையைப் பார்த்துப் பார்த்து ஆண்டு முழுக்கத் திறந்துகொண்டே இருக்க வேண்டும். இதே அணையை நம்பி இந்தப் பக்கம் ஆனைமலை, பொள்ளாச்சி வயல்களும் காய்ந்துகொண்டிருக்கின்றன.

ஆட்டம் கிட்டத்தட்ட எழுதி முடிந்துவிட்டது, பார்த்தீர்களா? பதினைந்து நாளுக்கு ஒரு திருப்பம், மொத்தம் 24. ஒவ்வொரு திருப்பத்திலும் அணை மட்டம், வந்த மழை, இரண்டு பக்கமும் பயிர் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுங்கள். ஆடுபவர் இரண்டு எண்களைத் தட்ட வேண்டும்: இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு. தென்மேற்குப் பருவத்தில் அணை நிறையும். அப்போது தாராளமாகக் கொடுத்துவிடலாம், ஆனால் வயலுக்கு அவ்வளவு தேவைப்படாது. தேவை ஏறும்போது மட்டம் இறங்கிவிடும். வடகிழக்குப் பருவம் ஒரு வருடம் கைகொடுக்கும், ஒரு வருடம் கைவிரிக்கும். நாற்று நட்டபின் ஒரு தடவை தண்ணீர் தப்பினால் என்ன ஆகும், கதிர் விடும்போது தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபார்முலாவை நெட்டில் தேடாதீர்கள். வீட்டில் அப்பாவைக் கேளுங்கள். அவர் சொல்லும் வரிசையை அப்படியே எண்ணாக்குங்கள், 'எங்கள் ஊர் விவசாயிகளிடம் கேட்டு எடுத்த மதிப்பு' என்று அறிக்கையில் நேர்மையாக எழுதிவிடுங்கள்.

இதில் ஒன்று முக்கியம். ஜெயித்தாய், தோற்றாய் என்று கடைசியில் போடாதீர்கள். இரண்டு பக்கத்து விளைச்சலையும் தனித்தனியாகக் காட்டி நிறுத்துங்கள். ஒரு மாநிலத்தை வில்லனாக்கினால், எக்ஸாமினர் எந்தப் பக்கத்துக்காரர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அது கிடக்கட்டும், நமக்கே இரண்டு பக்கமும் பங்காளி, சம்பந்தி இருக்கிறார்களே. இன்னும் ஒரு படி போக விரும்பினால், இரண்டு பேர் ஆடும்படி செய்யுங்கள். ஒருவர் மதகைத் திறப்பவர், ஒருவர் கீழே காத்திருப்பவர். கீழே இருப்பவர் கையில் ஒன்றுமே இல்லை, கேட்கலாம், அவ்வளவுதான். அப்படி ஆடிப் பார்க்கும்போது உங்கள் கூட்டாளியோடு உங்களுக்கு நிஜமாகவே சண்டை வந்தால், ஆட்டம் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

யானை யோசனை உங்களுக்கும் வந்திருக்கும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் வருடத்துக்கு நான்கு பேர் அதைக் கொண்டுவருகிறார்கள். மதுக்கரை, வாளையார் வழியாகக் காட்டுக்குள் போகும் ரயில் பாதை. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் அடிபட்டன. 2024இல் மதுக்கரையில் வனத்துறை 12 கோபுரங்களில் கேமரா வைத்து, யானை வந்தால் எச்சரிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நல்ல பொருள்தான். ஆனால் ரயிலை ஓட்டி யானையைத் தவிர்ப்பது என்று செய்தால், நெட் இல்லாதபோது குரோமில் வரும் ஆட்டத்தில் டைனோசர் கள்ளிச்செடியைத் தாண்டுவதுதான் மறுபடி வரும். யானையை அப்படி மூன்று உயிர் உள்ள பொம்மையாக்குவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. செய்வதென்றால் யானையின் நடையை எழுதுங்கள். 1980இல் நாம்கோ விட்ட பேக்-மேனில் தோரு இவாடானி நான்கு பேய்களுக்கு நான்கு குணம் கொடுத்தார். சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கும். ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்போது துரத்திவரும், எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொன்றும் இரண்டு வரி விதிதான், சேர்ந்து பார்த்தால் கூடிப் பேசி வைத்துக்கொண்டு வருவது போல இருக்கும். குட்டியோடு வரும் கூட்டத்துக்கு ஒரு விதி, ஒற்றை ஆண் யானைக்கு ஒரு விதி என்று எழுதி, எந்த இடத்தில் கேமரா வைத்தால் சீக்கிரம் தெரியும் என்று தேடினால் அது புராஜெக்ட்.

மைன்ஸ்வீப்பர், 2048 எல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றின் புரோகிராம் நெட்டில் குவிந்து கிடக்கிறது, கை தானாகக் காப்பியடிக்கப் போகும்.

வேலை முறைக்கு வருவோம். முதல் மாதம் கம்ப்யூட்டரே வேண்டாம் என்றுதான் என் மாணவர்களிடம் சொல்வேன், யாரும் கேட்பதில்லை. குறைந்தது ஒரு வாரமாவது புளியங்கொட்டையையும் கட்டம் போட்ட தாளையும் வைத்து ஆடிப் பாருங்கள். லாரிக்குக் கொட்டை, பொறுமைக்குத் தீக்குச்சி. அங்கே போரடித்தால் திரையிலும் போரடிக்கும். பிறகு வெறும் எழுத்தில் எழுதுங்கள். அலெக்சி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில் டெட்ரிஸை முதலில் எழுதிய எலெக்ட்ரோனிகா 60 என்ற மெஷினில் படம் வரையவே வசதி இல்லை. அடைப்புக்குறிகளை வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். உங்கள் லேப்டாப் பழையது என்று கவலைப்பட வேண்டாம். பைத்தான், பைகேம் இரண்டும் அதில் தாராளமாக ஓடும். படம் கடைசி மூன்று வாரத்தில், அதுவும் நேரம் மிஞ்சினால்.

யாருடைய ஆட்டத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். விதியை இரவல் வாங்குவதில் தப்பில்லை, உலகமே அப்படித்தான் செய்திருக்கிறது. அவர்களுடைய படம், இசை, பெயரை மட்டும் தொடாதீர்கள். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே "பாம்பு ஆட்டத்தில் பின்னால் போக முடியாது என்ற விதியிலிருந்து தொடங்கினோம்" என்று எழுதுங்கள். மாஷிடம் தலைப்பு கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் சூதானமாக இருங்கள்: 'லாரி கேம்' என்று எழுதாமல் 'சோதனைச்சாவடி வரிசை முறைகளின் ஒப்பீடு, விளையாட்டு வடிவில்' என்று எழுதினால் கையெழுத்துப் போட்டுவிடுவார். பொய்யும் இல்லையே.

திரையில் வரும் எழுத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் வையுங்கள். மொழி மாற்ற ஒரு பட்டன் போதும். தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடமாக வந்தால் பைகேமின் ஃபான்ட் வரையும் முறையைச் சந்தேகப்படுங்கள். அவசரத்துக்கு அந்த வரிகளை மட்டும் படமாகச் செய்து ஒட்டிவிடலாம். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் இதைக் கடைசி இரவில்தான் கண்டுபிடித்தார்கள். நீங்கள் முதல் வாரத்திலேயே 'கொழிஞ்சாம்பாறை' என்று ஒரு முறை திரையில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.